கோயில்பிச்சைக்காக நான் பண்ணின ஜெபம்

அந்தப் பெஞ்சில உட்காராதீங்கம்மா, ஒரு கால் ஆடும். இப்படி என் பக்கத்தில வாங்க. பையை மடியில வெச்சுக்கிடுங்க. கோர்ட்டுக்கு முதல் தடவையா? முகத்தைப் பார்த்தாலே தெரியுது. நானும் முதல் நாள் இப்படித்தான் சேலைத் தலைப்பை முறுக்கிக்கிட்டே இருந்தேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தா தலைப்பே நைஞ்சு போச்சு.

யாருக்கு, வீட்டுக்காரருக்கா? என்ன, வேலித் தகராறா. சரி, சரி, அழாதீங்க. உங்க பேரைக் கூப்பிட மத்தியானம் ஆயிரும். அதுவரைக்கும் அழுதா கூப்பிடுறப்ப அழக் கண்ணீர் இருக்காது. இந்தாங்க, தண்ணி குடிங்க.

கேஸ் ஆயிட்டா மனுஷன் வாழ்க்கை அவ்வளவுதானான்னு கேக்கீங்க. நானும் இதே தூணைப் பிடிச்சுக்கிட்டு இதையேதான் கேட்டேன். இப்போ என்னைப் பாருங்க. எங்க கேஸ் முடிஞ்சு போச்சு. தீர்ப்பு நகல் வாங்க வந்திருக்கோம். அந்த ஜன்னல்கிட்ட நெட்டையா ஒரு பையன் நிக்கான் பாருங்க, அவன்தான் என் மகன் டைட்டஸ். அவன் பக்கத்தில குட்டையா, முன் தலையில முடி இல்லாம ஒருத்தர் நிக்காரே, அவர்தான் என் மகன் மேல கேஸ் கொடுத்தவர். கோயில்பிச்சைன்னு பேரு. எங்க வீட்டுக்காரங்களுக்குச் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை. இன்னைக்குத் துணைக்கு வந்திருக்கார்.

சிரிக்கீங்களே. சிரிங்க, சிரிங்க. சொல்லுதேன் கேளுங்க.

எங்க ஊர் கிருபைவிளை. கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை அன்னைக்கு அசனம் போடுவோம். நீங்க உங்க கோயில்ல அன்னதானம் போடுவீங்கள்ல, அதேதான். என்ன, எங்க பந்தியில ஆட்டுக்கறி இருக்கும். ஆட்டுக்கறியும் கத்திரிக்காயும் போட்ட குழம்பு. அந்தக் குழம்பு வைக்கிறது எங்க குடும்பத்து முறை. சோறு வடிக்கிறது கோயில்பிச்சை குடும்பத்து முறை. குழம்புக்காரன் சோத்துல கை வைக்கக் கூடாது. சோத்துக்காரன் குழம்புல கை வைக்கக் கூடாது. எந்தக் காலத்துச் சட்டமோ, யாரும் எழுதி வைக்கலை, ஆனா பிறந்த பிள்ளைக்கும் தெரியும்.

எங்க வீட்டுக்காரங்க இருந்த வரைக்கும் அவங்கதான் குழம்பு வெச்சாங்க. அவங்க கர்த்தருக்குள்ள போன பிறகு டைட்டஸ். அவன் கப்பல்ல சமையல்காரன். ரஷ்யாக்காரன், பிலிப்பைன்ஸ்காரன் எல்லாம் அவன் கையால சாப்பிட்டுட்டு இன்னும் கொஞ்சம் போடுன்னு தட்டை நீட்டுவானாம். அப்படிப்பட்டவன் லீவில வந்தப்ப அசனம். அண்டாவுல குழம்பு கொதிக்குது, இவன் துடுப்பு வெச்சுக் கிண்டிக்கிட்டு இருக்கான். துடுப்புன்னா படகுத் துடுப்பு மாதிரியேதான் இருக்கும், அசனக் குழம்பைக் கரண்டியால கிண்ட முடியாதுல்லா. அப்போ கோயில்பிச்சை வந்து ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு நக்கிப் பார்த்துட்டு, "உப்புக் கம்மி"ன்னு சொல்லி, ஒரு கை உப்பை அள்ளி அண்டாவுல போட்டுட்டார். சோத்துக்காரர், குழம்புல.

நான் கத்திரிக்காய் நறுக்குற பொம்பளைங்களோட இருந்தேன், அதுக்குப் பிறகு நடந்ததைக் கண்ணால பார்க்கலை. பார்க்காட்டியும் என்ன நடந்திருக்கும்னு எனக்குத் தெரியும். என் பிள்ளை கை நீட்டுற பிள்ளை இல்ல. எண்ணெய்க் கைதானே, துடுப்பு வழுக்கியிருக்கும். வழுக்கிப் போய் அவர் தோள்ல பட்டிருக்கும். "இல்ல அக்கா, மறுபடியும் பட்டுச்சு"ன்னு அடுப்புப் பக்கம் நின்ன பக்கத்து வீட்டு ரூபி சொன்னா. ஒரு தடவை வழுக்கின கை இன்னொரு தடவை வழுக்காதா?

நான் ஓடிப் போய்ப் பார்க்கும்போது கோயில்பிச்சை கீழே கிடக்கார், தலையில ரத்தம். ஆஸ்பத்திரியில தையல் போட்டாங்க. அவர் அங்கேயிருந்தே போலீஸுக்குச் சொல்லிட்டார், டைட்டஸ் துடுப்பால மண்டையைப் பிளந்துட்டான்னு. மறுநாள் எஸ்.ஐ. வந்து எழுதினதைப் படிச்சுக் காட்டினார். ஆபத்தான ஆயுதத்தால தாக்கிக் காயம் உண்டாக்கினதாம். எனக்கு ஒரே ஆச்சரியம். அந்த ஆபத்தான ஆயுதம் கிண்டின குழம்பை ஊரே சாப்பிட்டுட்டு, மிச்சத்தைத் தூக்குவாளியில வேற கொண்டு போயிருக்கு.

ஆயுதத்தை எடுத்துட்டு வாங்கன்னார் எஸ்.ஐ. எடுக்கப் போனா, அய்யோ, குழம்பு காய்ஞ்சு பிசுபிசுன்னு இருக்கு. அதை அப்படியே எப்படிக் கொடுக்கிறது? சர்க்காருக்குப் போற பொருள். புளியும் சாம்பலும் போட்டு நல்லாத் தேய்ச்சு, வெயில்ல உலர்த்தி, எங்க வீட்டுக்காரங்களோட வெளுத்த வேட்டியில சுத்திக் கொடுத்தேன். எஸ்.ஐ. என்னையே பார்த்தார். பிறகு எங்க வக்கீல்கிட்ட இதைச் சொன்னப்ப அவர் தலையில கையை வெச்சுக்கிட்டார். "அம்மா, அதுல ரத்தம் இருந்துச்சா இல்லையான்னு பார்க்கத்தான் அதைக் கேட்டாங்க. தடயத்தை அழிச்சீங்கன்னு உங்க மேலயும் ஒரு கேஸ் போட்டிருக்கலாம்"னார். சுத்தமா இருக்கிறது ஒரு குத்தமா, சொல்லுங்க.

வக்கீல் பேரு லத்தீப். தங்கமான மனுஷர். அவர்தான் ஜாமீன் வாங்கிக் கொடுத்தார். ஜாமீன்ல நிபந்தனை போட்டாங்க. தினம் காலையில ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போடணும், சாட்சிகளோட பேச்சு வார்த்தை கூடாது, கோர்ட்டுக்குத் தெரியாம வெளியூர் போகக் கூடாது. உங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் போடுவாங்க, பயப்படாதீங்க. ஸ்டேஷன்னா அடிப்பாங்க பிடிப்பாங்கன்னு நினைச்சுத்தான் நானும் தினம் ஜெபத்தோட அனுப்பினேன். நாலு நாள் கழிச்சு மத்தியானமாகியும் வரலை. பதறிப் போய் ஓடுதேன், அங்கே பின்பக்கம் அடுப்பு மூட்டி இவன் பிரியாணி கிண்டுதான். ஏட்டையா மகளுக்குப் பிறந்தநாளாம். ஏட்டையா என்னைப் பார்த்துட்டு, "வாங்கம்மா, தம் போட்டிருக்கு, இருந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க"ன்னார். ஆயுதத்தால அடிச்சான்னு கேஸ் போட்ட ஸ்டேஷன்லேயே என் பிள்ளை கையில அகப்பையைக் கொடுத்து நிறுத்தியிருக்காங்க.

ஆனா எல்லாம் சிரிப்பா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். பாஸ்போர்ட்டுத் தேதி முடிஞ்சுச்சு. புதுப்பிக்கப் போனா, உங்க மேல கேஸ் நடக்குது, முடிஞ்ச பிறகு வாங்கன்னுட்டாங்க. பாஸ்போர்ட்டு இல்லாம கப்பல் ஏது? கோர்ட்டுல அனுமதி கேட்டு லத்தீப் சார் மனுப் போட்டார், அது ஒரு வாய்தா, இன்னொரு வாய்தான்னு இழுத்துக்கிட்டே போச்சு. ஒரு சம்பந்தம் பேசி முடிக்கிற மாதிரி இருந்துச்சு, பொண்ணோட அப்பா போன்ல, "பையன் நல்ல பையன்தான், கேஸ்தான் இடிக்குது"ன்னு வெச்சுட்டார். கப்பல் கம்பெனிக்காரன் ரெண்டு தடவை பொறுத்தான். மூணாவது தடவை, இந்த வருஷக் கடைசிக்குள்ள வரலைன்னா வேற ஆளைப் போட்டுருவேன்னு சொல்லிட்டான். பன்னிரண்டு வருஷமா ஏறின கம்பெனி. டைட்டஸ் அன்னைக்கு வீட்டில இருந்த பாத்திரத்தையெல்லாம் எடுத்துப் போட்டுத் துலக்கினான். அவன் மனசு கஷ்டப்பட்டா பாத்திரம் துலக்குவான், சின்னப் பிள்ளையிலேயே அப்படித்தான்.

தாய் மனசு என்ன செய்யும்? முழங்கால்ல நின்னேன். வேற எனக்கு என்ன தெரியும், எட்டாவது வரைக்கும் படிச்சவ.

இந்த இடத்தில ஒண்ணு சொல்லிடுதேன். நான் கேஸ் விஷயத்தில ஒரு நாளும் தலையிட்டதே கிடையாது. லத்தீப் சார் ஆரம்பத்திலேயே சொல்லிட்டார், "அம்மா, கோயில்பிச்சைகிட்ட கேஸைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க, சாட்சியைக் கலைக்கிறதா ஆயிரும், ஜாமீன் போயிரும்"னு. நான் பேசவே இல்லை. அவர் வீட்டுல போய் ஜெபம்தான் பண்ணினேன்.

அது எங்க ஊர் வழக்கம்மா. ஈஸ்டருக்கு முன்னால நாப்பது நாளும் ஒவ்வொரு வீடா ஜெபக்கூட்டம் நடக்கும். பொம்பளைங்க சங்கத்துக்கு நான்தான் தலைவி, எந்த வீடானாலும் கடைசி ஜெபம் நான்தான் பண்ணணும். கோயில்பிச்சை வீட்டு முறை வந்துச்சு. போகாம இருந்தா பகைன்னு ஆயிராதா? போனேன். அவர் பெண்டாட்டி ராஜாத்தி எனக்குன்னு சுக்குக் காபி போட்டு வெச்சிருந்தா. எல்லாரும் கண்ணை மூடினோம். நான் கேஸ்னு ஒரு வார்த்தை எடுக்கலை. "ஆண்டவரே, இந்த வீட்டு எஜமானை ஆசீர்வதியும். உமது பிள்ளை கோயில்பிச்சையை உண்மையுள்ள சாட்சியாக நிறுத்தும். அவர் வாயிலே பொய் இராதபடிக்கு உம்முடைய தூதனை அவர் உதட்டிலே காவல் வையும். அவருடைய பிள்ளைகள் அப்பா பொய் சொன்னார் என்று தலைகுனியாதபடிக்கு…" அப்படியே கொஞ்ச நேரம் போச்சு. கண்ணைத் திறந்தா அவர் பிள்ளைங்க ரெண்டும் அப்பாவையே பார்த்துக்கிட்டு இருக்கு. அவருக்கு வேர்த்துக் கொட்டுது. பரிசுத்த ஆவியானவர் தொட்டிருக்கார்னு நினைச்சேன்.

அப்புறம் வாய்தாவுக்கு எல்லாரும் ஒரே பஸ்ஸிலதான் வருவோம், எங்க ஊருக்கு வேற பஸ் கிடையாது. அவருக்கும் சேர்த்து இட்லி கட்டிக்கிட்டு வருவேன். சாப்பிடுறதுக்கு முன்னால ஸ்தோத்திரம் பண்ணணும்ல. அதிலயும் ஒரு வார்த்தை உண்மைக்காகச் சேர்த்துச் சொல்லுவேன். "மதினி, இட்லி ஆறுது"ம்பார் பாவம்.

இதுல எனக்குத் தெரியாம ஒண்ணு நடந்திருக்கு. எங்க பாதிரியார் நடுவுல இருந்து ரெண்டு பேரையும் பேசி வெச்சிருந்தாராம். கோயில்பிச்சைக்கும் கோபம் ஆறிப் போச்சு, டைட்டஸ் கப்பலுக்குப் போகாம இருக்கிறதைப் பார்க்க அவருக்கே சங்கடம். ஆயுதம் கீயுதம்னு எழுதிட்டதால கேஸைச் சும்மா வாபஸ் வாங்க முடியாதாம். அதனால கூண்டுல ஏறி, "ஒரே புகையா இருந்துச்சு, யார் அடிச்சான்னு தெரியலை"ன்னு சொல்லிடுறதுன்னு முடிவு. ஒரு நிமிஷத்து வேலை. ஊர்ல எல்லா ஆம்பளைக்கும் தெரிஞ்சிருக்கு. டைட்டஸுக்குத் தெரியும். என்கிட்ட மட்டும் ஒருத்தரும் சொல்லலை. ஏன்னு பின்னால கேட்டா, "அம்மா, உன்கிட்ட சொன்னா நீ ஜெபத்தில சொல்லிருவே"ங்கான். நான் யார்கிட்ட போய்ச் சொல்லப் போறேன்? ஆண்டவர்கிட்டதானே. கொஞ்சம் சத்தமாச் சொல்லுவேன், அவ்வளவுதான்.

சாட்சி நாள் வந்துச்சு. ஜட்ஜம்மா சின்ன வயசு, கண்ணாடி போட்டவங்க. கோயில்பிச்சை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில கூண்டுல ஏறினார். கடவுள் பேரால உண்மை சொல்லுதேன்னு சொல்ல வெச்சாங்க. நான் பின் வரிசையில உட்கார்ந்து கண்ணை மூடிட்டேன். உடனே பேர் கூப்பிடுற டவாலி வந்து, "அம்மா, கோர்ட்டுல தூங்கக் கூடாது"ங்கார். தூங்கலைய்யா, ஜெபம் பண்ணுதேன்னேன். அது கொஞ்சம் கேட்டுட்டு போல. கோயில்பிச்சை திரும்பிப் பார்த்தார்.

அரசு வக்கீல் கேட்டார், "அன்னைக்கு என்ன நடந்தது?" இவர், "ஒரே புகையா இருந்துச்சு"ன்னார். நிறுத்திட்டார். "அப்புறம்?" "புகை… கண்ணைக் கரிச்சுது." மறுபடியும் நிறுத்திட்டார். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தா, என் உதடு அசையுறதையே பார்த்துக்கிட்டு நிக்கார். நான் என் பாட்டுக்கு, தூதனை வையும் ஆண்டவரே, தூதனை வையும்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். திடீர்னு அவர் ஜட்ஜம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுட்டு, "அம்மா, என்னால முடியலை. அந்தா மதினி ஜெபம் பண்ணுதாங்க. நான் நடந்ததையே சொல்லிடுதேன்"னுட்டார்.

லத்தீப் சார் பேனாவை மூடிப் பையில வெச்சுட்டார். எல்லாம் போச்சுன்னு அர்த்தமாம். எனக்கு அப்போ தெரியாது, பேனாவுல மை தீர்ந்திருக்கும்னு நினைச்சேன்.

கோயில்பிச்சை சொல்லிட்டார். குழம்புல உப்பு அள்ளிப் போட்டது நான்தான்னார். கையை எடுங்க சித்தப்பான்னு டைட்டஸ் மரியாதையாத்தான் சொன்னான்னார். "உங்கப்பன் வெச்ச குழம்பிலயும் உப்பு இருக்காது, செத்தவன் கைப்பக்குவம் உனக்கும் வந்துருக்கு"ன்னு நான் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாதுன்னார். அவன் துடுப்பால தோள்ல ரெண்டு போட்டான்னார். நான் கண்ணை மூடிக்கிட்டே, வழுக்கிச்சுன்னு சொல்லுப்பா, வழுக்கிச்சுன்னு சொல்லுன்னு நினைச்சேன். அவர் சொல்லலை. அது ஒண்ணுல மட்டும் அவருக்கு ஞாபகம் பிசகிட்டு.

"தலையில காயம் எப்படி வந்தது?"ன்னார் அரசு வக்கீல். கோயில்பிச்சை தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "பின்னால போனேன். நான் வடிச்ச கஞ்சி தரையில கிடந்துது. அதுல வழுக்கி என் சோத்து அண்டா விளிம்புல மோதிட்டேன்."

ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு, "அப்போ துடுப்பால மண்டையில அடிச்சான்னு ஏன் புகார் கொடுத்தீங்க?"ன்னு கேட்டாங்க.

"அம்மா, முப்பது வருஷமா சோறு வடிக்கேன். நான் வடிச்ச கஞ்சியில நானே வழுக்கி விழுந்தேன்னு எப்படிம்மா வெளியில சொல்லுவேன்? எங்க ஊர்ல சாகுற வரைக்கும் சொல்லிச் சிரிப்பாங்களே. அடிபட்டேன்னு சொன்னா ஒரு மரியாதை இருக்கும்லா."

டைப் அடிக்கிற பொண்ணு சிரிச்சுட்டா. டவாலி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கிட்டார். ஜட்ஜம்மா காகிதத்தை முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் எதையோ படிச்சாங்க.

லத்தீப் சார் அப்போ எழும்பினார் பாருங்க. பேனா எப்போ வெளியில வந்துச்சுன்னே தெரியலை. "தலைக்காயம் துடுப்பால வரலை, சரிதானே?" "சரி சார்." "தோள்ல காயம்?" "அன்னைக்கு வலிச்சுது. மறுநாள் தேங்காய் உரிச்சேன்." "எத்தனை தேங்காய்?" "ஒரு லோடு சார்." அவ்வளவுதான், அவர் உட்கார்ந்துட்டார். அப்புறம் எனக்கு விளக்கிச் சொன்னார். ரத்தக் காயம் துடுப்பால இல்லேன்னா ஆபத்தான ஆயுதம்ங்கிற பெரிய பிரிவு நிக்காதாம். சும்மா அடிச்ச சின்னப் பிரிவுதான் மிச்சம். அதுல புகார் கொடுத்தவரும் சம்மதிச்சா சமாதானமாப் போகச் சட்டத்திலேயே இடம் இருக்காம். சமாதானமானா விடுதலை ஆனதுக்குச் சமம். புகைன்னு சொல்லியிருந்தா அரசு வக்கீல் குடைஞ்சிருப்பார், மத்த சாட்சியெல்லாம் விசாரிச்சு இன்னும் ஒரு வருஷம் போயிருக்கும். உண்மை ஒரே நாள்ல கொண்டு வந்து விட்டுட்டு.

ஜட்ஜம்மா ரெண்டு பேரையும் முன்னால கூப்பிட்டு, சமாதானமாப் போறீங்களான்னாங்க. கோயில்பிச்சை, "போறோம்மா, ஆனா குழம்புல உப்புக் கம்மிதான்"ன்னார். டைட்டஸ் வாயைத் திறக்கப் போனான். லத்தீப் சார் அவன் காலை மிதிச்சார்.

வெளியில வந்து லத்தீப் சார் என்கிட்ட, "அம்மா, உங்களை வெச்சுக்கிட்டு ஜெயிச்ச கேஸ் இது"ன்னார். எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. நான் ஒண்ணும் பண்ணலை சார், எல்லாம் அவர் கிருபைன்னேன்.

அதான் சொல்லுதேன், பயப்படாதீங்க. உங்க வீட்டுக்காரர் மேல கேஸ் கொடுத்தவர் வந்திருக்காரா? அந்த மஞ்சள் துண்டுக்காரரா? பாவம், சாப்பிடாத மாதிரி இருக்கார்.

இருங்க, டைட்டஸ் வாறான். என்னப்பா, கிடைச்சுட்டா? எங்கே காட்டு. முத்திரையெல்லாம் இருக்கா? ஸ்தோத்திரம் ஆண்டவரே. கோயில்பிச்சை, நீங்களும் படிச்சுப் பார்த்தீங்களா? என்னது, ஏஜென்ட் போன் பண்ணிட்டாரா? பாஸ்போர்ட்டு வர எத்தனை நாள் ஆகுமாம்? அவ்வளவு சீக்கிரமாவா. எப்போ ஏறணும்? நவம்பர் கடைசியிலேயா. சிங்கப்பூர்லயா. சரிப்பா. நல்லது, நல்லது. இதுக்குத்தானே இவ்வளவும். இல்லப்பா, கண்ணுல தூசி, இந்த வராண்டாவைப் பெருக்குறதே இல்லை போல. நீங்க ரெண்டு பேரும் போய் டீ குடிங்க, நான் இந்தம்மாவுக்குத் துணையா இருக்கேன்.

பார்த்தீங்களாம்மா. முடிஞ்சுட்டு. இனிமே பத்து மாசம் கழிச்சுத்தான் வருவான். கப்பல்ல ஏறின நாள்லேருந்து ஒரு கிறிஸ்துமஸுக்கும் அவன் வீட்டில இருந்ததில்லை, இந்தக் கேஸ் வந்த பிறகுதான் வரிசையா ரெண்டு கிறிஸ்துமஸ் இருந்தான். போன வருஷம் கேக்கு அவனே போட்டான். நட்சத்திர விளக்கைக் கோணலாக் கட்டிட்டு, அதுதான் அழகுன்னு என்கிட்ட சண்டைக்கு வந்தான்.

அந்தா லத்தீப் சார் போறார். சார், சார், ஒரு நிமிஷம். நகல் வாங்கிட்டோம் சார், ரொம்ப நன்றி. ஒரு சின்ன சந்தேகம். இந்தத் தீர்ப்பு மேல சர்க்கார்ல அப்பீல் போடலாமா? இல்ல சார், தோக்கணும்னு சொல்லலை. சும்மா ஒண்ணு போட்டு வைக்கச் சொல்லுங்க, கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள் ஜட்ஜம்மா அதைத் தள்ளுபடி பண்ணிடட்டும்.